சபை சிரித்தது

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில், பக்கத்து ஊர்க் கோயிலைப் பற்றிச் சரித்திரக் கட்டுரை ஒன்று வாசித்தேன். முடித்ததும் முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, அந்தக் கல்வெட்டை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். நானோ பத்து நிமிஷம் பேசினேன். சரித்திரம் என்றால் என்ன, ஆதாரம் என்றால் என்ன என்று ஏதேதோ அடுக்கினேன். பெரியவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். இரவு பஸ்ஸில் திரும்பும்போதுதான் வெட்கம் வந்தது. கூடவே, பதில் சொல்லவே இடம் கிடைக்காமல் போன ஒரு தமிழ் இளைஞரின் நினைவும் வந்தது.

சுப்ரமணியன் சந்திரசேகர் லாகூரில் பிறந்து, சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்தவர். 1930-இல், பத்தொன்பது வயதில், மேல்படிப்புக்காகக் கப்பலேறினார். கப்பலில் பொழுது போக வேண்டுமே! நமக்கென்றால் சீட்டுக்கட்டு இருக்கிறது. அவர் கணக்குப் போட்டார். எரிந்து தீர்ந்த நக்ஷத்திரம் சுருங்கி, 'வெண் குள்ளன்' என்னும் சிறு நக்ஷத்திரமாகி அமைதி அடைந்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. நக்ஷத்திரத்தின் எடை ஓர் அளவைத் தாண்டினால் அந்த அமைதி அதற்குக் கிடையாது என்று அவர் கணக்குச் சொல்லிற்று. அந்த எல்லை சூரியனின் எடையைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பது இன்றைய கணக்கு.

1934-இல் கேம்பிரிட்ஜில் அதை விரிவாகக் கணக்கிட்டபோது, ஆர்தர் எடிங்டன் அவர் அறைக்கு அடிக்கடி வந்து எவ்வளவு தூரம் ஆயிற்று என்று விசாரித்துப் போவார். எடிங்டன் லேசுப்பட்டவரல்ல. 1919-ஆம் வருஷத்துச் சூரிய கிரகணத்தைப் படம் பிடித்து, ஐன்ஸ்டீன் சொன்னது சரி என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் முதல்வர். அவ்வளவு பெரியவர் தம் அறைக்கு வந்தால் எந்த இளைஞருக்குத்தான் மனம் பூரிக்காது?

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டம். சந்திரசேகர் தம் முடிவுகளைச் சொல்லி உட்கார்ந்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அந்த எடைக்கு மேற்பட்ட நக்ஷத்திரம் முடிவில்லாமல் சுருங்கிக்கொண்டே போகுமாமே, அப்படி அசட்டுத்தனமாக நடந்துகொள்ளாதபடி அதைத் தடுக்க இயற்கையில் ஒரு சட்டம் இருக்கத்தான் வேண்டும் என்றார். இளைஞர் இரண்டு சாஸ்திரங்களை இணைத்திருந்த விதத்தை, முறையற்ற கல்யாணம் என்கிற தோரணையில் கேலி செய்தார். சபை சிரித்தது. சந்திரசேகருக்கு மறுமொழி சொல்லச் சந்தர்ப்பம் தரவில்லை. வாதங்களை நிதானமாக ஆராய வேண்டும் என்று சொல்லி, தலைவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார். அதே வருஷம் பாரிஸில் நடந்த மகாநாட்டிலும் எடிங்டன் ஒரு மணி நேரம் பேசினார். பதில் சொல்ல அனுமதி கேட்ட சந்திரசேகரைப் பேசாதிருக்கும்படி தலைவர் சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் எடிங்டன்மேல் அவ்வளவு இல்லை. அவர் மனசில் பட்டதைச் சபையிலே சொன்னார். கோபன்ஹேகனில் போரும் ரோஸன்பெல்டும், பௌலியும்கூட, எடிங்டன் சொல்வது தவறு என்று தனிப்பட ஒப்புக்கொண்டவர்கள். பௌதிகத்தில் அவர்கள் வாய் திறந்தால் உலகம் கேட்கும். ஆனால் பகிரங்கமாக ஒருவரும் எழுந்து சொல்லவில்லை. வான சாஸ்திரிகளின் சண்டை நமக்கெதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ!

சந்திரசேகர் சண்டை பிடிக்கவில்லை. 1937-இல் அமெரிக்கா போனார். 1939-இல் நக்ஷத்திரங்களின் அமைப்பைப் பற்றிய புஸ்தகத்தில் தம் கணக்குகளை எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். இதைப் பெருந்தன்மை என்று புகழ்வார்கள். எனக்கு அரை மனசுதான். அந்த எல்லைக்கு அப்பால் நக்ஷத்திரம் என்ன ஆகும் என்று விஞ்ஞானம் தீவிரமாகக் கேட்பதற்கு எத்தனையோ வருஷங்கள் வீணாயின. பிற்காலத்தில் கருந்துளை என்று பேர் பெற்றதன் வாசல்வரை எடிங்டனே போய், 'இது இருக்க முடியாது' என்று கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார் பாருங்கள்! சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983-இல்.

இத்தனைக்கும் இருவருக்கும் சிநேகம் முறியவில்லை. யுத்த காலத்திலும் கடிதப் போக்குவரத்து இருந்தது. எத்தனை மைல் சைக்கிள் ஓட்டினேன் என்று எடிங்டன் கணக்கு எழுதுவாராம். 1944-இல் எடிங்டன் காலமானபோது சிகாகோவில் இரங்கலுரை ஆற்றியவர் சந்திரசேகர். அக்காலத்து வான சாஸ்திரிகளில், ஷ்வார்ஷில்டுக்கு அடுத்த ஸ்தானத்தில் அவரை வைத்தார்.