நீர்முள்ளி: உறுப்பு வேறு, மருந்து வேறு

குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வயல் வரப்பிலும் மழைநீர் தேங்கும் பள்ளங்களிலும் தானாக முளைத்து வளரும் முட்செடி நீர்முள்ளி. அகாந்தேசி குடும்பத்தைச் சேர்ந்த இதன் இன்றைய தாவரவியல் பெயர் ஹைக்ரோபிலா ஆரிகுலேட்டா. பழைய மருந்து நூல்களில் அஸ்டெரகாந்தா லாங்கிபோலியா, ஹைக்ரோபிலா ஸ்பைனோசா ஆகிய பெயர்களிலும் இது காணப்படும். இந்தியா, இலங்கை தொடங்கி ஆப்பிரிக்கா வரை வெப்பமண்டல ஈரநிலங்களில் இது பரவியுள்ளது.

சித்த மருத்துவர்கள் இச்செடியை வீக்கத்துக்கும் நீரடைப்புக்கும் தருகின்றனர். வங்காளத்தில் இது இரத்தச்சோகைக்குரிய கீரை. நாட்டு மருந்துக் கடைகளில் இதன் விதை ஆண்மைப் பெருக்கியாக விற்கப்படுகிறது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இத்தனை பயன்கள் ஒரே செடிக்குச் சொல்லப்படுவதால், சிலர் இவற்றை வெறும் மிகைக்கூற்று என்று ஒதுக்குகின்றனர். சிலர் எல்லா நோய்க்கும் இதுவே போதும் என்று விளம்பரம் செய்கின்றனர். இரு சாராரும் மரபு கூறுவதை முழுமையாகப் பார்க்கவில்லை. வேரும் சமூலம் எனப்படும் முழுச்செடியும் ஒரு சரக்கு, இலை ஒரு சரக்கு, விதை ஒரு சரக்கு என மருத்துவ மரபு இவற்றைத் தனித்தனியே வைத்து ஆண்டிருக்கிறது. அந்தப் பாகுபாட்டை அடிப்படையாகக் கொண்டால்தான் நீர்முள்ளியின் பயனைச் சரியாக மதிப்பிடவும், முறையாக ஆராயவும், பாதுகாப்பாகப் பயன்படுத்தவும் முடியும்.

செடியின் அமைப்பு

நீர்முள்ளி 2 முதல் 4 அடி உயரம் வரை நிமிர்ந்து வளரும். தண்டு ஏறக்குறைய நாற்கோண வடிவானது. கணுக்கள் பருத்து, நீண்ட மயிர்களுடன் இருக்கும். செடியை ஐயமின்றி அடையாளம் காணக் கணுவைப் பார்த்தாலே போதும். ஒவ்வொரு கணுவையும் சுற்றி ஆறு இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். அவற்றில் வெளிப்புறத்து இரண்டும் நீண்டவை, உள்ளிருக்கும் நான்கும் குறுகியவை. ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் மஞ்சள் நிறமான, நேரான, கூரிய முள் ஒன்று நிற்கும். முட்களுக்கு இடையே ஊதா நிறப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். பூ இரண்டு உதடுகளாகப் பிரிந்து, கீழுதட்டில் மஞ்சள் தீற்றலுடன் காணப்படும்.

காய் சிறியது, உள்ளே 4 முதல் 8 விதைகள் இருக்கும். தட்டையான இவ்விதைகளின் மேல் நுண்ணிய மயிர்கள் படிந்துள்ளன. உலர்ந்த நிலையில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு சிட்டிகை விதையைத் தண்ணீரில் இட்டால் சிறிது நேரத்திலேயே மயிர்கள் நீரை உறிஞ்சி விரிய, விதைகள் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சேற்றில் விழும் விதை அங்கேயே பற்றிக்கொள்ளவும் ஈரத்தைத் தக்கவைக்கவும் இந்த வழுவழுப்பு உதவுகிறது. விதையின் மருத்துவப் பயனிலும் இதற்குப் பங்கு உண்டு.

உப்பங்கழிகளில் அலையாத்திக் காடுகளையொட்டி வளரும் கழிமுள்ளி இதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறு செடி. அதன் இலை விளிம்பிலேயே முட்கள் இருக்கும். பெயரொற்றுமையால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது தவறு.

வேரும் சமூலமும்: நீர் பிரிக்கும் மருந்து

வேரோடு பிடுங்கிய முழுச்செடியைச் சமூலம் என்பர். சித்த மருத்துவம் நீர்முள்ளிச் சமூலத்தைக் குளிர்ச்சி தரும் சிறுநீர்ப்பெருக்கியாகக் கொள்கிறது. உடல் வீக்கம், பெருவயிறு, நீரடைப்பு, நீர்க்கடுப்பு, கல்லடைப்பு ஆகியவை இதற்குரிய நோய்கள். சமூலத்தை அலசி, இடித்து, நீர்விட்டு, நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றக் காய்ச்சி வடித்துக் குடிநீராகத் தருவது வழக்கம். நெருஞ்சில், வெள்ளரி விதை, சோம்பு முதலியவை சேர்த்துச் செய்யப்படும் நீர்முள்ளிக் குடிநீர் இன்றும் சித்த மருத்துவமனைகளில் வழக்கில் உள்ளது. செடியை உலர்த்திச் சுட்ட சாம்பலை நீரில் கரைத்துத் தரும் முறையும் உண்டு. தாவரச் சாம்பலில் பொட்டாசிய உப்புகள் மிகுந்திருப்பதைக் கருதும்போது, சிறுநீரைப் பெருக்க அதைக் கையாண்டதன் காரணம் விளங்குகிறது.

இந்தப் பயன்பாடு ஐரோப்பியர் எழுத்துகளிலும் பதிவாகியுள்ளது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வான் ரீட் தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் இச்செடியை அதன் மலையாளப் பெயரோடு விவரிக்கிறது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஒயிட்லா ஏன்ஸ்லி, 1826இல் வெளிவந்த மெட்டீரியா இண்டிகாவில் நீர்முள்ளி வேரைத் தமிழ்ப் பெயராலேயே குறித்து, நீர்க்கோவைக்கு நாட்டு மருத்துவர்கள் அதன் கஷாயத்தைத் தருவதை எழுதினார். பிரிட்டிஷ் மருந்து நூலுக்கு 1900இல் வெளியான இந்திய, குடியேற்ற நாட்டுப் பின்னிணைப்பில் நீர்முள்ளி இடம்பெற்றது. அங்கு ஏற்கப்பட்டது வேருடன் கூடிய உலர்ந்த செடி. மருந்து வடிவம் கஷாயம். சித்த மருத்துவர் எந்த உறுப்பை எந்த வடிவில் ஆண்டாரோ, அதே உறுப்பு அதே வடிவில் அந்த நூலுக்குள் சென்றது.

இலங்கையில் இச்செடி நீரமுல்லிய என்ற பெயரால் சிங்கள மருத்துவத்தில் வழங்குகிறது. அங்கும் சிறுநீர் எரிச்சலுக்கும் உடற்சூட்டுக்கும் காய்ச்சிக் குடிக்கும் மூலிகைப் பானங்களில் அது ஒன்று.

இலை: உணவாகும் மருந்து

மேற்கு வங்காளத்தில் நீர்முள்ளி முதன்மையாக ஒரு கீரை. குலேகாரா என்று அழைக்கப்படும் இளந்தளிரை வேகவைத்து உண்பதும், இலையை அரைத்துச் சாறெடுத்துக் குடிப்பதும் அங்குப் பரவலான வழக்கம். இரத்தம் குறைந்தவர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது இந்தக் கீரையைத்தான். ஒடிசாவிலும் இது கீரையாக உண்ணப்படுகிறது.

ஆயுர்வேதம் இதைக் கோகிலாட்சம் என்னும். வாதரத்தம் எனப்படும் மூட்டுநோய்க்கு இதன் கஷாயத்தைக் குடித்து, இதன் கீரையையே உணவாகக் கொள்ளுமாறு வாக்படரின் அஷ்டாங்க இருதயம் பரிந்துரைக்கிறது. கேரள மருத்துவத்தில் கோகிலாட்சக் கஷாயம் இன்றளவும் அந்நோய்க்கு வழங்கப்படுகிறது. இங்குக் கஷாயம் மருந்தாகவும் கீரை பத்திய உணவாகவும் தனித்தனியே பணியாற்றுகின்றன. ஒன்று மற்றொன்றுக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

விதை: உரமாக்கி

வட இந்தியச் சந்தையில் தால்மக்கானா என்ற பெயரில் விற்கப்படுவது நீர்முள்ளி விதை. விந்துக் குறைவுக்கும் உடல் மெலிவுக்கும் இதைப் பொடித்துப் பாலில் கலந்தோ, லேகியங்களிலும் சூரணங்களிலும் சேர்த்தோ தருவர். நீரில் ஊறும்போது உண்டாகும் வழுவழுப்பான பொருள் குடலின் உட்சவ்வைப் போர்த்தி எரிச்சலைத் தணிக்கும் இயல்புடையது. அதனால் இது உள்ளழலாற்றியாகவும் வழங்கியது. விதையில் லினோலிக் அமிலம் கொண்ட நிலையான எண்ணெயும் உண்டு. வேரும் சமூலமும் உடலில் தேங்கிய நீரை வெளியேற்றுவதற்காகவும், விதை உடலுக்கு ஊட்டம் சேர்ப்பதற்காகவும் தரப்பட்டன. நோக்கமே மாறுபடும் இவ்விரண்டையும் நீர்முள்ளிப் பொடி என்ற ஒரே பெயரில் விற்பது மரபுக்குப் புறம்பானது.

மக்கானா என்று மட்டும் சொன்னால் அது அல்லி இனத்தைச் சேர்ந்த யூரியாலே பெராக்ஸ் செடியின் விதை, பொரித்து உண்ணப்படுவது. அதற்கும் தால்மக்கானாவுக்கும் தொடர்பில்லை. பெயரைக் கேட்டு வாங்குவோர் இதில் ஏமாறுகின்றனர்.

ஆய்வுகள் காட்டுவது

வேதியியல் பகுப்பாய்வுகளும் உறுப்புக்கு உறுப்பு வேறுபாட்டைக் காட்டுகின்றன. வேரிலிருந்து லூபியோல் பிரிக்கப்பட்டுள்ளது. பூவில் அபிஜெனின் வகை பிளேவனாய்டுகள் கண்டறியப்பட்டுள்ளன. சாறுகளைக் கொண்டு எலிகளில் நடந்த சோதனைகளில் சிறுநீர்ப் பெருக்கமும், நச்சுப் பொருள்களால் ஈரலுக்கு நேரும் சேதம் குறைவதும் பதிவாகியுள்ளன. கொல்கத்தா ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தச்சோகைக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் ஹீமோகுளோபின் அளவு நீர்முள்ளிச் சாற்றால் உயர்ந்தது. வங்காளத்து வீடுகளின் வழக்கத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

எனினும் விலங்குச் சோதனையின் முடிவு மனிதருக்கான அளவையோ பயனையோ உறுதிசெய்யாது. இந்த ஆய்வுகளைத் திரட்டிப் படிக்கும்போது ஒரு குறையும் தென்படுகிறது. ஓர் ஆய்வு வேரையும், இன்னொன்று விதையையும், வேறொன்று தரைக்கு மேலுள்ள பகுதியையும், அதிலும் பெரும்பாலும் ஆல்கஹால் சாறாக எடுத்துக்கொள்கின்றன. பின்னர் முடிவுகள் யாவும் நீர்முள்ளி என்ற ஒரே தலைப்பின்கீழ் சேர்க்கப்படுகின்றன. மரபில் வீக்கத்துக்கு ஆளப்பட்டது நீரில் காய்ச்சிய சமூலம். இரத்தச்சோகைக்கு ஆளப்பட்டது பச்சிலையும் சமைத்த கீரையும். அந்த உறுப்பை அந்த வடிவிலேயே சோதித்தால்தான் மரபின் கூற்று உண்மையில் சோதிக்கப்பட்டதாகும்.

ஈரநிலமும் பாதுகாப்பும்

நீர்முள்ளி பெரும்பாலும் பயிரிடப்படுவதில்லை, ஈரநிலங்களிலிருந்தே சேகரிக்கப்படுகிறது. ஆகவே செடியின் தரம் அது நின்ற நீரைப் பொறுத்தது. கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலந்த நீர்நிலைகளில் வளரும் செடிகள் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும். நகர்ப்புற ஏரிக்கரையில் பிடுங்கிய கீரையும் சிற்றூர்க் குளக்கரையில் பறித்ததும் ஒரே சரக்கு ஆகா. வரப்புகளில் களைக்கொல்லி தெளிப்பதும், வாய்க்கால் கரைகளைச் சிமென்டால் பூசுவதும், குளங்களைத் தூர்ப்பதும் இதன் வாழிடத்தைச் சுருக்கி வருகின்றன. தூய நீர்நிலை குறையக் குறைய மாசுபட்ட இடங்களிலிருந்து பறிப்பது கூடும். ஈரநிலத்தைக் காப்பது மருந்தின் தரத்தைக் காப்பதற்கான முதற்படி.

பயன்படுத்துவோர் கருத வேண்டிய எல்லையும் உண்டு. கால் வீக்கமும் வயிற்று வீக்கமும் இதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் எதன் பழுதாலும் வரலாம். முன்பு குறிப்பிட்ட பொட்டாசியம், சிறுநீரகம் செயல் குன்றியவர்களின் உடலில் தேங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும். அத்தகையோரும், ஏற்கெனவே சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உண்போரும், கருவுற்றோரும் மருத்துவர் மேற்பார்வையின்றி நீர்முள்ளிக் கஷாயம் குடிப்பது ஆபத்து. உணவாகக் கீரை உண்பதற்கும் நோய்க்கு மருந்தாகக் கஷாயம் குடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கும் மறத்தல் கூடாது.

முடிவு

சித்த மருத்துவம், ஆயுர்வேதம், சிங்கள மருத்துவம், வங்காள வீட்டு வைத்தியம் ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் நீர்முள்ளியின் பயன்கள் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. வேரும் சமூலமும் நீரைப் பிரிக்கவும், இலை உணவாகி இரத்தம் ஊறவும், விதை உரமூட்டவும் ஆளப்பட்டுள்ளன. எனவே விற்பனைப் பொதிகளில் உறுப்பின் பெயரும் சேகரித்த இடமும் குறிக்கப்பட வேண்டும். ஆய்வுகள் உறுப்பையும் தயாரிப்பு முறையையும் மரபுவழியே தேர்ந்து, மனிதரில் முறையாகச் சோதிக்க வேண்டும். கன உலோகச் சோதனை கட்டாயமாக வேண்டும். இவை நடந்தால், நீண்ட காலமாகப் பல மருத்துவ மரபுகள் ஆண்டுவந்த ஒரு மூலிகையின் பயன் எதுவரை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெளிவாகும்.