இரவிவர்மா தைல வண்ணம் கற்ற வரலாறு

ஜொகூர் நீரிணையின்மேல் மழைமேகம் கவிந்து வரும் மாலைக் காட்சியை அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டிப் பழகியவர் தைல வண்ணத்துக்கு மாறும்போது, கையைக் காட்டிலும் பொறுமையே அவருக்கு முதற்கண் இடர் செய்கிறது. அக்ரிலிக்கும் நீர்வண்ணமும் நீர் வற்றியதும் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது. அதற்குப் பல நாட்கள் ஆகும். அக்ரிலிக் தோன்றுமுன்பே இத்தகைய மாற்றத்தை எதிர்கொண்டவர், 1848இல் கிளிமானூரிற் பிறந்த இரவிவர்மா.

1862இல், பதினான்கு வயதில், அவர் திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். நீர்வண்ணம் அவருக்குக் கைவந்தது. தைல வண்ணம் அறிந்தவராக அங்கிருந்தவர் மதுரை இராமசாமி நாயக்கர். அவர் கற்றுத்தர மறுத்தார். அவரைப் பழிப்பது எளிது. ஆயினும் தொழில் நுணுக்கமே பிழைப்பாயிருந்த காலம் அது என்பதையும் எண்ண வேண்டும். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை, ஆசிரியர் அறியாமல் இரவில் வந்து இளைஞருக்குச் சில முறைகளைக் காட்டினார் என்பர். கலை வரலாற்றில் ஒரு வரியோடு நின்றுவிட்ட இப்பிள்ளைக்கு நாம் பட்ட கடன் சிறிதன்று.

1868இல் அரசர் ஆயில்யம் திருநாளின் உருவப்படம் தீட்டத் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. அருகிருந்து பார்க்க மட்டும் இடந்தந்தார். பார்த்துப் பார்த்தே இளைஞர் கற்றார்.

கற்க வேண்டியிருந்தது யாது? நீர்வண்ணத்தில் ஒளி என்பது தீட்டாது விட்ட தாளின் வெண்மை. தைலத்தில் பெரும்பாலும் இருளை முதலில் அமைத்து, ஒளியை இறுதியில் அதன்மேல் ஏற்றுவர். ஈரம் உலராமையால் மேகத்தின் விளிம்பை வானத்தோடு தூரிகையால் இழைத்துவிடலாம். புயலும் அந்தியும் இவ்வண்ணத்தில் உயிர்பெறுவது இதனாலேதான். ஆனால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். முறை மாறினால் நாளடைவில் படம் வெடிக்கும். பிறர் பூசும் வரிசையைப் பார்த்தே இதையெல்லாம் உய்த்துணர்வது எளிதா?

1873இல் சென்னைக் கண்காட்சியில் அவருடைய தைல ஓவியம் பரிசு பெற்றது. எனினும் அவர் நாட்டம் மனித உருவங்களிலேயே சென்றது. இயற்கைக் காட்சியைத் தனக்கெனக் கொண்டவர் பன்னிரண்டாண்டு இளைய தம்பி இராஜராஜவர்மா. அண்ணனின் படங்கள் பலவற்றில் பின்னணி தீட்டியவரும் அவரே. அண்ணனுக்கு வாய்க்காத ஆசிரியர் தம்பிக்கு வீட்டிலேயே வாய்த்தார்!

மைசூர் அரண்மனைக்காக இரவிவர்மா கடைசியாகத் தீட்டிய புராணப் படங்களுள் ஒன்று, இராமன் கடலை அடக்கும் காட்சி. கொந்தளிக்கும் அலையும் இருண்ட வானமும் இராமனுக்கு நிகராக அதில் இடம்பெற்றுள்ளன. அது 1906ஆம் ஆண்டுப் படம். தம்பி 1905இலேயே மறைந்துவிட்டார். அண்ணனும் 1906 அக்டோபரில் காலமானார்.