அணிகணினியும் புதுச்சேரிக் கொம்யூன்களும்

மேசையில் உட்காராமல் மனிதர் உடலோடு போய்வரும் கணினியே அணிகணினி. 1961இல் கணிதவியலாளர்களான எட்வர்ட் தோர்ப்பும் கிளாட் ஷானனும் ரூலெட் சக்கரத்தைக் கணிக்க உருவாக்கிய சிகரெட் பெட்டி அளவுக் கருவி இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. விசை கால் விரலுக்கு அடியில் இருந்தது; விடை காதில் சுரமாக விழுந்தது. சூதாட்டத்துக்குச் செய்த கருவிதான். ஆனாலும் கையையும் கண்ணையும் வேலைக்கு விட்டுவிட வேண்டும் என்ற வடிவமைப்புப் பாடம் அதில் இருந்தது. பிற்பாடு கண்ணாடியிலும் கைக்கடிகாரத்திலும் கணினியைப் பொருத்தியவர்களும் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

புதுச்சேரியின் கொம்யூன்கள் எனப்படும் ஊராட்சிப் பகுதிகளிலும் இதே சிக்கல்தான்: பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடுகிறவருக்கும் வீராம்பட்டினத்தில் வலை இழுக்கிறவருக்கும் கை எப்போதும் ஈரம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல், கனடாவின் வளர்ச்சி ஆராய்ச்சி மையமான ஐ.டி.ஆர்.சி.யின் உதவியுடன், வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கிருந்து வானொலி அலை வழியே ஏம்பலம், கீழூர் போன்ற ஊர்களின் மையங்களுக்குச் செய்தி போயிற்று. மின்சாரத்தை நம்ப முடியாததால் சூரியத் தகடுகளும் வைத்தார்கள்.

வீராம்பட்டினத்து ஏற்பாடு தனித்துச் சொல்லத்தக்கது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வலையைச் சீர்செய்தபடியே கேட்கலாம். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. உடலில் எதையும் மாட்டவில்லை என்றாலும், தோர்ப்பின் காதுச் சுரத்துக்கு இது நெருங்கிய உறவு என்றே கொள்ளலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, நல்லவாடு என்ற மீனவ ஊரில் இதே போன்ற ஒலிபெருக்கி உயிர்களைக் காத்தது. எச்சரிக்கை வந்ததோ கணினி வழியாக அல்ல, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பில்.

ஒலிபெருக்கியின் குரல் கரையோடு நின்றுவிடும். அடுத்து அதே நிறுவனம் குவால்காம் உள்ளிட்டோர் துணையுடன் உருவாக்கிய 'ஃபிஷர் ஃபிரண்ட்' செயலி கைப்பேசியில் ஏறிப் படகுக்குப் போனது. ஐதராபாத்தின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை, காற்று, மீன்வள இடக் குறிப்புகளோடு, பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கவும் செய்தது.

கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கைப்பேசிக் கோபுரம் எட்டாது. 2019இல் அறிமுகமான ஜெமினி என்ற சிறு பெட்டி ககன் செயற்கைக்கோள் செய்தியை வாங்கி, புளூடூத் வழியே கைப்பேசிக்குக் கொடுத்தது. ஆனால் கரை பேசும், படகு கேட்கும். திருப்பிச் சொல்ல வழியில்லை. 2024 ஆகஸ்ட் 30இல் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டம் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவிகளை அறிவித்தது. அவை உடலில் அணிபவை அல்ல, படகில் பொருத்தப்படுபவை. ஆள் தவறிக் கடலில் விழுந்தால் கருவி படகோடு போய்விடும்.