காலுக்கு வேலை இல்லாத விமானம்



படகைத் திருப்பச் சுக்கான் இருப்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகாய விமானத்தின் வாலிலும் அப்படியொரு சுக்கான் உண்டு. விமானி அதைக் காலால் மிதித்துத் திருப்புவார். கையிலுள்ள கோலால் இறக்கைகளைச் சாய்ப்பார். கையும் காலும் ஒத்துப் போகாவிட்டால், வேகம் குறைந்த நேரத்தில் விமானம் சுழன்று விழவும் கூடும்.

இந்தக் கால்வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தார் பிரான்சு நாட்டின் ஆன்ரி மின்யே. மற்ற விமானங்களை ஓட்ட அவருக்குச் சரியாக வரவில்லை. ஆகவே தமக்கென்று ஒன்றைச் செய்து 1933 செப்டம்பரில் பறக்கவிட்டார். அதன் பெயர் 'வானத்துப் பேன்'! கோலைப் பக்கவாட்டில் அசைத்தால் வால் சுக்கான் திரும்பும். முன்னும் பின்னும் அசைத்தால் முன்னிறக்கை முழுவதுமே சாய்ந்து நிமிரும். மிதிகட்டை கிடையாது.

1934-இல் அதன் செய்முறையைப் புத்தகமாக வெளியிட்டார். பணக்காரர் மட்டுமே பறந்த காலம் அது. மரமும் துணியும் சிறிய இயந்திரமும் இருந்தால் போதும் என்றதும், பிரான்சிலும் பிரிட்டனிலும் சாதாரண மக்கள் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டத் தொடங்கினார்கள். 1935 ஆகஸ்டில் மின்யே தாமே அதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து காட்டினார்.

பிறகுதான் சாவுகள். பறந்துகொண்டிருந்த விமானம் தலைகீழாகப் பாய்ந்து தரையில் மோதியது, ஒருமுறையல்ல, பலமுறை. 1936-இல் பிரிட்டனிலும் பிரான்சிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். மூக்கு ஓர் அளவுக்குமேல் தாழ்ந்துவிட்டால், கோலை முழுவதும் இழுத்தாலும் அது நிமிரவில்லை. மிக அருகருகே இருந்த இரண்டு இறக்கைகளுக்கு நடுவே ஓடிய காற்றே காரணம். ஆக, உயிரைக் குடித்தது மிதிகட்டை இல்லாத குறையன்று. இந்தச் சோதனை புத்தகம் வெளிவருமுன் நடந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். கட்டியவர்கள் புத்தகத்தை நம்பியவர்கள். அவர்கள்மேல் என்ன குற்றம்?

அதே காலத்தில் அமெரிக்காவில் பிரெட் வைக் என்ற பொறியாளரும் எளிய விமானத்தைத் தேடினார். அரசாங்க விமான ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்த அவர், 1934-இல் நண்பர்களோடு ஓய்வு நேரத்தில் ஒரு சிறு விமானம் கட்டினார். அந்த அனுபவத்தில் பிறந்த 'எர்கூப்', சுழன்று விழாத விமானம் என்று 1940-இல் அரசாங்கச் சான்று பெற்றது. அதிலும் சுக்கானுக்கு மிதிகட்டை இல்லை. காரில் உள்ளதைப் போன்ற கைச்சக்கரமே இறக்கை மடல்களையும் சுக்கானையும் முன்சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பியது.

பிரேக்கும் அப்படித்தான். பல விமானங்களில் இடது காலுக்கு இடச்சக்கரம், வலது காலுக்கு வலச்சக்கரம் என்று தனித்தனிப் பிரேக் உண்டு. தரையில் திரும்பவும் அது உதவும். எர்கூப்பில் ஒரே பிரேக் மிதிதான். ஆனால் பக்கக்காற்று வீசும்போது, இறங்குமுன் மூக்கை ஓடுபாதைக்கு நேராக்க வழியில்லை. கோணலாகவே தரையைத் தொடவேண்டும். அதைத் தாங்கும்படி சக்கரக் கால்களைக் கட்டியிருந்தார்கள். அது பிடிக்காத சிலர், பிற்காலத்தில் தங்கள் எர்கூப்பில் சுக்கான் மிதிகட்டைகளைப் பொருத்திக்கொண்டார்கள்.