ஸ்கோஷியா பிரின்ஸ்: தூத்துக்குடிக்கு வந்த பழைய கப்பல்

ஸ்கோஷியா பிரின்ஸ் என்பது 2011-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுமார் ஐந்து மாதங்கள் ஓடிய பயணிகள் கப்பல். 1972-இல் அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்றைய குரோஷியாவின் கடற்கரை ஊரான கிரால்யேவித்சாவில் கட்டப்பட்டது. மனிதர்களோடு கார்களையும் லாரிகளையும் ஏற்றிச் செல்லும் வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 12,000 டன். சுவீடன், அமெரிக்கா, கனடா, லிபியா, எகிப்து, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் துறைமுகங்களைக் கண்ட பிறகு 2012-இல் வங்கதேசத்தின் சிட்டகாங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே சுமார் 27 ஆண்டுகள் அறுந்து கிடந்த பயணிகள் கப்பல் போக்குவரத்தை மறுபடி தொடங்கி வைத்தது என்பதால் இதற்குத் தமிழர் கடல் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

வடஐரோப்பாவில் தொடக்கம்

கப்பலின் முதல் பெயர் ஸ்டெனா ஒலிம்பிகா. சுவீடனின் ஸ்டெனா நிறுவனம் கோத்தென்பர்க் நகருக்கும் ஜெர்மனியின் கீல் துறைமுகத்துக்கும் இடையே இரவுப் பயணத்துக்காக இதைக் கட்டச் சொன்னது. மாலையில் ஏறி, உண்டு, உறங்கி, காலையில் அடுத்த நாட்டில் காரோடு இறங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. அதே தளத்தில் கட்டப்பட்ட உடன்பிறப்பான ஸ்டெனா ஸ்காண்டினேவிகா பின்னர் அயர்லாந்துக்குப் போய் செயின்ட் கில்லியன் என்ற பெயரில் பிரான்சுக்கு ஓடியது.

வடஐரோப்பாவில் பயணிகள் கப்பலின் இளமை குறுகியது. கூட்டம் பெருகும்போது பெரிய கப்பல் வரும். பழையது விற்பனைக்குப் போகும். 1982-இல் ஒலிம்பிகாவுக்கும் அதுதான் நேர்ந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் மேன் மாநிலத்துப் போர்ட்லாந்துக்கு வந்து, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள யார்மத் துறைமுகத்துக்கு ஓடத் தொடங்கியது. ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பெயர் அப்போது வந்தது. கடைசிவரை நிலைத்ததும் அதுவே. சாலையில் சுற்றிப் போனால் நெடுந்தொலைவு ஆகும் பயணத்தைக் கடல்வழி சுமார் 11 மணி நேரமாகச் சுருக்கியது. கோடைக்காலத்தில் மட்டும் ஓட்டம். கப்பலுக்குள் சூதாட்டக் கூடமும் மேடை நிகழ்ச்சிகளும் இருந்ததால் பலர் ஊர் சேர்வதற்காக அல்லாமல் பயணத்துக்காகவே ஏறினார்கள்.

அந்த வாழ்க்கை 2004-ஆம் ஆண்டுக் கோடையோடு முடிந்தது. போர்ட்லாந்து முனையக் கட்டடத்தில் பூஞ்சணம் படிந்திருப்பது குறித்து நிறுவனத்துக்கும் நகர நிர்வாகத்துக்கும் எழுந்த தகராறு தீராமல், 2005-இன் ஓட்டம் கைவிடப்பட்டது.

ஆபத்தில் கைகொடுத்த காலம்

வேலை இழந்த கப்பலுக்கு அடுத்து வந்த பணி எதிர்பாராதது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சிதைத்தது. நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்துள்ள செயின்ட் பெர்னார்ட் வட்டாரத்தில் குடியிருக்கத் தகுந்த வீடு என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. ஸ்கோஷியா பிரின்ஸை அரசு வாடகைக்கு எடுத்துக் கரையில் கட்டி, மீட்புப் பணியாளர்களையும் வீடிழந்தவர்களையும் மாதக்கணக்கில் தங்க வைத்தது. படுக்கை, சமையல்கூடம், குடிநீர், மின்சாரம் எல்லாம் தன்னிடமே கொண்ட கட்டடத்தை நினைத்த இடத்துக்குக் கொண்டு நிறுத்த முடிவது பேரிடர் காலத்தில் எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்த மாதங்கள் காட்டின.

இந்தியர்கள் இந்தக் கப்பலை முதலில் அறிந்ததும் இப்படியோர் ஆபத்தில்தான். 2011 பிப்ரவரியில் லிபியாவில் கடாஃபி ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி உள்நாட்டுப் போராக மாறியது. எண்ணெய் வயல்களிலும் கட்டுமானப் பணிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்த ஏறத்தாழ 18,000 இந்தியர்கள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் இந்தியாவிலிருந்து கிளம்பி மத்தியதரைக் கடலை அடையப் பல நாள் ஆகும். அதுவரை காத்திருக்காமல் இந்திய அரசு ஸ்கோஷியா பிரின்ஸை வாடகைக்கு எடுத்தது. விமான நிலையம் பயன்படாத நிலையில் இருந்த பெங்காசி நகரத் துறைமுகத்துக்குள் அது நுழைந்து, 1,100-க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏற்றி எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் இறக்கியது. அங்கிருந்து அவர்கள் விமானத்தில் ஊர் திரும்பினார்கள். தூத்துக்குடியில் பெற்ற புகழைவிட இந்த ஒரு பயணமே இக்கப்பலின் பெரிய சாதனை என்று சொல்லத் தோன்றுகிறது.

தூத்துக்குடி – கொழும்பு

2011 ஜனவரியில் இந்தியாவும் இலங்கையும் பயணிகள் கப்பல் போக்குவரத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மும்பையைச் சேர்ந்த ஃபிளெமிங்கோ லைனர்ஸ் நிறுவனம் ஸ்கோஷியா பிரின்ஸைக் கொண்டுவந்தது. ஜூன் 13 அன்று, அவ்வாண்டுதான் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றிருந்த தூத்துக்குடித் துறைமுகத்தில் மத்தியக் கப்பல் துறை அமைச்சர் ஜி.கே.வாசன் முதல் பயணத்தைத் தொடங்கி வைத்தார். மறுநாள் கப்பல் கொழும்பை அடைந்தது. 152 கடல் மைல் தூரம். ஓர் இரவுப் பயணம். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செல்ல இடம். வாரம் இருமுறை ஓட்டம்.

துறைமுகத்துக்கு வைத்த பெயருக்கும் இந்த வழித்தடத்துக்கும் நேரடி உறவு உண்டு. 1906 அக்டோபர் 16 அன்று பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தோடு பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஓட்டியது இதே தூத்துக்குடி – கொழும்புப் பாதையில்தான். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலர். முதலில் வாடகைக்குக் கப்பல் தந்தவர்கள், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் நெருக்குதலால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் பிழைக்க முடியாது என்று கண்ட வ.உ.சி. அலைந்து பணம் திரட்டினார். 1907-இல் காலியோ, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. லாவோ பிரான்சிலிருந்து வாங்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகள் செல்லலாம். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, பிறகு இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், கம்பெனி தளர்ந்து 1911-இல் கலைக்கப்பட்டது.

சுதேசிக் கப்பல்களில் ஏறுவதற்குக் கூட்டம் இருந்தது. வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளரும் உறவினரைப் பார்க்கப் போவோரும் அந்நாளில் கடலைத்தான் நம்பியாக வேண்டும். ஸ்கோஷியா பிரின்ஸ் வந்தபோது நிலைமை அதுவல்ல. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கப்பலில் ஓர் இரவு முழுதும் போகும். அதற்கு முன் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டும். கரையில் குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை என்று காத்திருக்க வேண்டும். அதிக மூட்டைகளோடு போகும் சிறு வியாபாரிகளுக்கு மட்டுமே கப்பல் லாபமாக இருந்தது. கார் ஏற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கீழ்த்தளத்துக்கு இந்த வழித்தடத்தில் வேலையே இல்லை. எரிபொருளோ, பத்துப் பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் ஒரே அளவுதான் செலவாகும். நவம்பரில் ஓட்டம் நின்றது. கப்பலின் வயதைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில் போர்முனையில் புகுந்து ஆயிரம் பேரை மீட்டுவந்த கப்பல் அது. பயணிகளுக்குத் தேவைப்பட்ட கரைகளை இணைக்காத பாதைதான் அதைத் தோற்கடித்தது என்பதே பொருத்தமான முடிவு.

கைமாறும் கப்பல்கள்

ஒரு கரையில் ஓய்வு பெறும் பயணிகள் கப்பல் இன்னொரு கரையில் வேலைக்குச் சேர்வது உலகெங்கும் நடக்கிறது. தரகர் மூலம் பேரம் முடிந்ததும் கப்பலை உலர்துறையில் ஏற்றி அடிப்பகுதியைச் சோதிப்பார்கள். பழைய நாட்டின் பதிவேட்டிலிருந்து நீக்கி, புதிய கொடியின் கீழ்ப் பதிவு செய்வார்கள். மூக்குப் பகுதியில் திறந்து மூடும் கதவு இருந்தால், கரையோர நீருக்காகக் கட்டிய கப்பல் பெருங்கடலைக் கடக்கும்முன் அதை இறுக்கிப் பூட்டுவார்கள். சிறு குழுவினர் மட்டும் ஏறி, பயணிகள் இல்லாமலே ஓட்டிச் செல்வார்கள். எஞ்சின் தாங்காது என்றால் இழுவைக் கப்பல் இழுத்துப் போகும். நெடுங்கடலுக்கு ஏற்காத இலகுரகக் கப்பல்களைத் தன் முதுகிலேயே சுமந்து செல்லும் பாரக் கப்பல்களும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு சுமார் 46 கோடி டாலர் செலவில் கட்டி, 2003-இல் 2 கோடிக்கும் குறைவாக விற்றுவிட்ட மூன்று அதிவேகப் படகுகள் பின்னர் அப்படித்தான் அபுதாபியை நோக்கிப் பயணப்பட்டன.

அதே கனடாக் கடற்கரையில் வெற்றிக் கதையும் ஒன்று உண்டு. அதில் தமிழ்ப் பெயர் இருக்கிறது. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்காக ஃபிஜித் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தென்னிந்தியர்களின் வழியே கவுண்டர், நாயுடு, பிள்ளை, ரெட்டி போன்ற பெயர்கள் அங்கே நிலைத்தன. ஃபிஜியின் கவுண்டர் ஷிப்பிங் நிறுவனம், 1966-இல் கட்டப்பட்டு 2009-இல் ஓய்வுபெற்ற குவீன் ஆஃப் பிரின்ஸ் ரூபர்ட் என்ற கனடாக் கப்பலை 2011-இல் வாங்கி லோமைவிதி பிரின்சஸ் எனப் பெயரிட்டது. 1964-இல் கட்டிய குவீன் ஆஃப் நனைமோ 2017-இல் ஓய்வு பெற்றபோது அதுவும் பசிபிக்கைக் கடந்து அதே நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. ஐம்பது வயதை நெருங்கிய, தாண்டிய கப்பல்கள் அங்கே எடுபட்டதற்குக் காரணம் வெளிப்படை. முன்னூறுக்கு மேற்பட்ட தீவுகள் கொண்ட நாட்டில் அரிசி மூட்டையும் சிமெண்டும் பள்ளிப் பிள்ளைகளும் லாரியும் போக வேறு மலிவான வழி கிடையாது. தூத்துக்குடியில் சும்மா கிடந்த வண்டித்தளம் போன்றதொரு தளம் ஃபிஜித் தலைநகர் சுவாவில் நிறைந்து வழிந்தது.

பழைய கப்பல் வாங்குவதில் ஆபத்தும் உண்டு, அதை மறைப்பது பாவம். ஜப்பானில் 1963-இல் 608 பயணிகளுக்காகக் கட்டப்பட்ட ஹிமேயூரி மாரு, 1975-இல் பிலிப்பைன்ஸுக்கு விற்கப்பட்டு, பின்னர் டோனா பாஸ் ஆனது. அங்கே 1,518 பேரை ஏற்ற அனுமதி தரப்பட்டது. 1987 டிசம்பர் 20 இரவு எண்ணெய்க் கப்பலோடு மோதித் தீப்பிடித்தபோது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள்; 4,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். போர் அல்லாத காலத்தில் கடல் கண்ட மிகப் பெரிய துயரம் அது. 1970-இல் இத்தாலியில் கட்டப்பட்டு எகிப்திய நிறுவனத்துக்குக் கைமாறிய அல் சலாம் பொக்காச்சியோ 2006 பிப்ரவரியில் செங்கடலில் மூழ்கியதில் ஆயிரம் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். வாங்கும் நாட்டில் சோதிப்பவர்கள் கண்டிப்பாக இல்லாவிட்டால், விற்கும் நாட்டின் தரச்சான்று கடலில் பயன்படாது.

தமிழ்நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்கு மூன்று தலைமுறைத் தமிழர்களைச் சுமந்தது. அதன் இடத்துக்கு இந்தியக் கப்பல் கழகம் கொண்டுவந்தது பிரான்சின் பாஸ்தர் என்ற கப்பலை; தென்னமெரிக்கா ஓடுவதற்காக 1966-இல் டன்கர்க்கில் கட்டப்பட்டது. சிதம்பரம் என்று பெயர் மாறி 1973 முதல் சென்னை – சிங்கப்பூர் ஓடியது. மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பெயரை இன்றும் பாசத்தோடு சொல்வார்கள். 1985 பிப்ரவரி 12 அன்று சென்னை நோக்கி வரும் வழியில் தீப்பிடித்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். கப்பல் மறுபடி ஓடவில்லை. சென்னை – சிங்கப்பூர் பயணிகள் கப்பல் யுகமே அத்தோடு முடிந்தது.

சிட்டகாங்குக்குப் பிறகு

ஸ்கோஷியா பிரின்ஸை வாங்கி ஓட்ட வேறு யாரும் முன்வரவில்லை. 2012-இல் வங்கதேசத்துச் சீதாகுண்டா கடற்கரையில், ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து, கரைமேல் ஏற்றி நிறுத்தும் கூடங்களில் ஒன்றுக்குப் போனது. அங்கே கூலியாட்கள் எரிவாயுச் சுடரால் தகடு தகடாக அறுப்பார்கள். இரும்பு உருட்டாலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாகும். கட்டில், கதவு, சமையல் பாத்திரம், உயிர்காக்கும் உடுப்பு எல்லாம் சாலையோரக் கடைகளில் விலைபோகும். மிக ஆபத்தான வேலை. இறப்புகள் தொடர்ந்து நேர்கின்றன.

தூத்துக்குடிப் பாதை அதன்பின் திறக்கவில்லை. அதற்கு முன் இரு நாடுகளையும் இணைத்திருந்த பாதையோ வடக்கே இருந்தது. 1914 பிப்ரவரி முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயும், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் ராமேஸ்வரத்திலிருந்தும் ஓடிய ராமானுஜம் போன்ற கப்பல்கள் சில மணி நேரத்தில் கரை சேர்த்தன. சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பெருந்தொகையினர் வந்ததும் அந்த வழியேதான். இனப்போர் மூண்டபின் 1980-களின் நடுவில் அதுவும் நின்றது.

குறுகிய கடலே பொருத்தம் என்ற பாடத்தைப் புதிய முயற்சி ஏற்றிருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று 150 பேர் செல்லும் செரியாபாணி என்ற விரைவுக் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சென்றது; பருவமழை நெருங்கியதால் ஒரு வாரத்துக்குள் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பல் அதே பாதையில் ஓடத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல். நான்கு மணி நேரப் பயணம். இறங்கும் இடத்திலிருந்து யாழ்ப்பாணம் நகரம் பேருந்துத் தொலைவில் இருக்கிறது. மழைக்காலத்தில் நிறுத்தப்பட்ட இந்த ஓட்டம் 2025 பிப்ரவரி 22 அன்று மீண்டும் தொடங்கியது.