மூன்று ரூபாய்ச் சம்பளக்காரரின் அரங்கேற்றம்

வைப்பாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே, வேம்பாருக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் கீழவைப்பாரிலிருந்து இத்தொடரை எழுதிவரும் எனக்கு, உடம்பின் வித்தையைக் கொண்டு ஜீவனம் நடத்துவது ஒரு மனிதனுக்கு எவ்விதத்தில் இழுக்காகும் என்பது ஒருபோதும் விளங்கியதில்லை. மூச்சையடக்கிக் கடலடிக்குச் சென்று, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவனுக்கு, மற்ற இரண்டு பங்கு சர்க்காருக்கு என்ற ஏற்பாட்டின்மேல் முத்துக்குளிப்புச் சலாபத்துக்குப் போய்வந்த குளியாட்களின் வமிசம் எங்கள் கரையில் வாழ்வது. 1905ஆம் வருஷம் அக்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறியது இத்தகையவர்களின் நுரையீரல் பலத்தினாலேயே. குளியாள் கூலிக்குக் குளித்தான் என்பதற்காக அவன் வித்தையை ஒருவரும் தாழ்த்திச் சொன்னதில்லை. ஆனால் அதே காலத்தில் பந்தாட்ட மைதானங்களிலே, ஆடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்பதே ஒரு குறையாக எண்ணப்பட்டது என்பதையும், நம் தேசத்தில் அந்தக் குறையின்மேல் ஜாதியின் பாரமும் சேர்ந்து ஒருவர் தோளில் ஏறியது என்பதையும் இவ்வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடியவர்களைக் கனவான்கள் என்றும் சம்பளக்காரர்கள் என்றும் இரு வகுப்பாகப் பிரித்து, ஒரே அணியில் ஆடினாலும் தனித்தனி அறையில் உடை மாற்றவும் தனித்தனி வாசல் வழியே மைதானத்தில் பிரவேசிக்கவும் வைத்திருந்த வழக்கம் 1962ஆம் வருஷம்வரை ஒழியவில்லை. அமெரிக்கர்கள் இவ்விஷயத்தில் தயக்கமற்றவர்கள். பேஸ்பால் ஆட்டத்துக்கு 1876இலேயே நேஷனல் லீகையும், 1901இல் அதற்குச் சமமாக அமெரிக்கன் லீகையும் நிலைநாட்டி, சம்பளம் பேசி ஆள் சேர்த்தார்கள். கான்ஸாஸ் மாகாணத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளையான வால்ட்டர் ஜான்சன், 1907 ஆகஸ்டில், தம் 19ஆவது வயதிலேயே வாஷிங்டன் அணிக்காகப் பந்தெறிய அரங்கேறியது அந்த ஏற்பாட்டின் நற்பலன். எனினும் கறுப்பு மனிதர்களுக்கு அந்தக் கதவு அடைத்தே இருந்தது. 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உள்ளே நுழைந்தபோது அவருக்கு வயது 28.

நம் தேசத்தில் இதற்கு ஒப்பான சரித்திரம் பல்வங்கர் பாலூவினுடையது. தார்வாடில், தோல் தொழிலுக்குரியதென்று ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பிலே பிறந்து, தந்தையின் ராணுவ வேலை காரணமாகப் பூனாவில் வளர்ந்த இந்த இளைஞர், முதலில் பார்ஸிகளின் கிரிக்கெட் சங்கமொன்றில் ஆடுதரையைப் பெருக்கி உருளையிழுக்கும் வேலைக்கு மாதம் 3 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்குச் சென்றபோது அது 4 ரூபாயாயிற்று. அங்கே வலை கட்டுவதும் தரையைச் செப்பனிடுவதும் போக, துரைமார்களின் பயிற்சிக்குப் பந்து வீசுவதும் அவர் கடமை. இடது கையால், நிதானமாக, பந்தின் திசையையும் வேகத்தையும் மாற்றி மாற்றி அவர் வீசிய வீச்சிலே, ஹாம்ப்ஷயருக்கு ஆடியவரும் அந்நாளைய சிறந்த ஆட்டக்காரருமான காப்டன் கிரெய்க், தம் ஆட்டத்தைத் தீட்டிக்கொண்டார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்று சொல்வார்கள். மணிக்கணக்காகப் பந்து வீசச் சொன்ன அந்தத் துரைகள் ஒரு நாளாவது அவர் கையில் மட்டையைக் கொடுத்ததில்லை. பந்து வீசுவது வேலைக்காரன் காரியம், அடிப்பது எஜமானன் காரியம் என்ற பிரிவினை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

பூனாவின் ஹிந்துக்கள் ஐரோப்பியரை எதிர்த்து ஆட விரும்பியபோது, பாலூவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள் பெரிய விவாதம் எழுந்தது. அவரைச் சேர்க்காமல் விடுவது அறிவீனம் என்று கிரெய்க்கே பகிரங்கமாகச் சொன்ன பிறகு சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எவ்வாறு சேர்த்துக்கொண்டார்கள் என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் வேளையிலோ மற்றவர்கள் கொட்டகைக்குள் பீங்கான் கோப்பையில் அருந்த, அவருக்கு மட்டும் வெளியே, உபயோகித்தபின் எறிந்துவிடும் மண் குவளையில் கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாடும் தனித் தட்டு, தனி மேஜை. ஒருவரோடு கூடி ஆடலாமென்றால் கூடி உண்ணவும் வேண்டுமென்று மகாதேவ கோவிந்த ரானடே அவ்வூர்ப் பிரமுகர்களுக்கு எடுத்துச் சொன்னார். ஓர் ஆட்டக்காரரின் முதற் பிரவேசத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் எடுத்த விக்கெட்டுகளை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது, அவர் எங்கே உட்கார்ந்து உண்டார் என்பதையும் விசாரிக்க வேண்டும் என்று நான் கருதுவது இக்காரணத்தாலேயே.

பின்னர் அவர் பம்பாய்க்குக் குடியேறினார். ரயில்வே உத்தியோகமும் ஹிந்து ஜிம்கானாவில் இடமும் கிடைத்தன. 1906 பிப்ரவரியில் பம்பாயில் ஹிந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதிய ஆட்டத்தில், ஹிந்துக்கள் 242, 160 என்றும், ஐரோப்பியர் 191, 102 என்றும் ஓட்டங்கள் எடுக்க, 109 ஓட்ட வித்தியாசத்தில் ஹிந்துக்கள் வென்றார்கள். எதிரிகளை வீழ்த்தியதில் பாலூவுக்குப் பெரும் பங்கு உண்டு. வங்கப் பிரிவினையின் கொதிப்பு அடங்காத சமயம் அது; அதே வருஷத்தில்தான் எங்கள் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார் என்பதை நினைத்தால், அந்த வெற்றியைத் தேசம் எவ்வளவு ஆனந்தத்தோடு ஏற்றிருக்கும் என்பது விளங்கும். முதல்தர ஆட்டங்களின் பதிவேட்டில் பாலூவின் பெயர் ஏறுவது அந்தப் பருவத்தில்தான். அப்போது அவருக்கு ஏறக்குறைய 30 வயது. ஜான்சனைப்போல் பத்தொன்பதில் அரங்கேற வாய்த்திருந்தால் அவர் கணக்கு எங்கே போய் நின்றிருக்குமோ! அப்படியிருந்தும் 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள் எடுத்தார். விக்கெட் ஒன்றுக்கு அவர் கொடுத்த ஓட்டம் சராசரி பதினைந்தேகால் கூட இல்லை.

1911இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்கின் தலைமையில் இங்கிலாந்துக்குச் சென்ற அகில இந்திய அணி, 23 ஆட்டங்களில் ஆறில்தான் ஜயித்தது. தோல்விகளே மலிந்த அந்த யாத்திரையில், தோள்வலியோடு, பாலூ ஒருவராக 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி அவருக்கு உபசாரப் பத்திரம் வாசித்தளித்தார்கள். ஆயினும் ஹிந்து அணியின் தலைமை மட்டும் அவரிடம் வரவேயில்லை. அவருக்குப் பின்னால் வந்த தம்பி விட்டல்தான் 1923இல் அதனைப் பெற்று, அவ்வருஷப் பந்தயத்தையும் வென்று காட்டினார்.

சென்னையில் கதை வேறு மாதிரி. 1888இல் இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஏற்படுத்திய புச்சிபாபு நாயுடு செல்வர். சேப்பாக்கத்தில் ஐரோப்பியரோடு சரிநிகராக ஆட வேண்டுமென்று பாடுபட்டு, அந்த ஆட்டத்துக்கு நாள் குறித்த தருணத்திலே, 1908 டிசம்பரில் காலமானார். அவர் ஊன்றிய வித்திலிருந்து முளைத்த பிரஸிடென்ஸி ஆட்டம் 1915-16 பருவம் முதல் முதல்தர அந்தஸ்தோடு நடந்தது. அவர் புதல்வர் கோட்டா ராமசாமி டென்னிஸில் டேவிஸ் கோப்பைக்கும், பின் 40 வயதில் டெஸ்ட் கிரிக்கெட்டுக்கும் ஆடினார். பணத்துக்காக ஆட வேண்டிய நிர்ப்பந்தம் அக்குடும்பத்துக்கு இல்லை.

அந்த நிர்ப்பந்தம் இருந்தவர் செங்கற்பட்டு ஜில்லா மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்த எம். ஜே. கோபாலன். அவர் பந்து வீச்சைக் கண்டு வியந்த சி. பி. ஜான்ஸ்டன் துரை, பர்மா ஷெல் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம் கிடைக்கச் செய்தார். ஆட்டத்துக்கு நேராகச் சம்பளம் கொடுக்கக் கூசிய காலத்தில், கம்பெனி உத்தியோகம் என்ற பெயரில் அன்னமிட்டது இவ்வழக்கம். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை, இல்லாவிடில் எத்தனையோ திறமைகள் வயலோரத்திலேயே மங்கிப்போயிருக்கும். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடிய கோபாலன், அவ்வருஷம் நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தை வீசினார். மைசூர் 48, 59 என்று சுருள, சென்னை அணியின் ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வாரிக்கொள்ள, அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஹாக்கியிலும் நிகரற்றவராயிருந்த கோபாலன், 1936இல் பெர்லின் ஒலிம்பிக்ஸை விட்டுக் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து சென்றார். அங்கே அவருக்கு ஒரு டெஸ்ட் ஆட்டமும் கிடைக்கவில்லை.

மறுபடியும் பாலூவிடம் வருவோம். அவர் 1932இல், ஒடுக்கப்பட்டோரின் தலைவரான நம் சென்னையின் எம். சி. ராஜாவோடு சேர்ந்து, ஒடுக்கப்பட்டோரின் தேர்தல் பிரதிநிதித்துவம் பற்றிய பூனா ஒப்பந்தத்துக்குத் துணை நின்றார். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துத் தோற்றார். 1955 ஜூலையில் காலமானார். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932 ஜூன் 25ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் தொடங்கியபோது அவர் ஆடும் பிராயத்தைக் கடந்துவிட்டவர். அந்தத் தேதியிலிருந்து நம் கிரிக்கெட்டின் சரித்திரத்தைத் தொடங்கும் நூல்கள் அதன் முதல் மகா வித்வானை விட்டுவிட்டே தொடங்குகின்றன.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ பழைய சங்கத்திலோ ஆட்டப் பதிவேடுகள் இருந்தால், அவற்றோடு சம்பளப் பட்டியல்களையும் தேடிப் பாருங்கள். உருளை இழுத்தவர்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கக்கூடும். கரையான் அரிக்குமுன் அவற்றைப் படியெடுத்து வையுங்கள்.