உருகிய டாலரும் எஞ்சிய டாலரும்

பழைய நாணயங்களைத் திரட்டுவோர் எல்லா நாடுகளிலும் உளர். கையிற் கிடைத்ததைப் பெட்டியில் இட்டு வைப்பது ஒரு வகை. ஒரே நாணயத்தை, அது வெளிவந்த ஆண்டுதோறும், அதனை அடித்த சாலைதோறும் ஒவ்வொன்றாகத் தேடி, வரிசையில் ஓரிடமும் காலியாக இராமற் செய்வது மற்றொரு வகை. இரண்டாம் வகையினருக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 'மார்கன் டாலர்' என்னும் வெள்ளி நாணயம் நெடுங்காலமாகப் பெருவிருப்பத்துக்கு உரியதாய் இருந்து வருகின்றது. அவ்வரிசையை நிறைவு செய்வது ஏன் இத்துணை அரிதாயிற்று என ஆராயப் புகுந்தால், விடையின் ஒரு பகுதி நம் நாட்டிலேயே, பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளில் கிடக்கக் காண்கிறோம்.

இந்நாணயம் பிறந்தது மக்கள் கேட்டதனாலன்று. சுரங்க முதலாளிகள் கேட்டதனால். நெவாடா மாநிலத்தில் 1859-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட காம்ஸ்டாக் சுரங்கங்கள் வெள்ளியை மலைபோற் குவித்தன. ஆனால் 1873-ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளி டாலரை நாணய வரிசையிலிருந்தே நீக்கிவிட்டது. வெள்ளியின் விலை வீழ்ந்தது. முதலாளிகளும், புழக்கத்தில் பணம் பெருகினால் கடன்சுமை குறையும் என நம்பிய உழவர்களும் ஒருசேரக் கூக்குரலிட்டனர். 1878 பிப்ரவரி 28 அன்று, குடியரசுத் தலைவர் ஹேய்ஸின் மறுப்பையும் மீறிக் காங்கிரசு ஒரு சட்டம் இயற்றிற்று. கருவூலத்தார் திங்கள்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரை பெறுமான வெள்ளியை வாங்கி நாணயமாக அடித்தே தீரவேண்டும் என்பது அதன் ஆணை. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து வந்த ஜார்ஜ் மார்கன் என்னும் செதுக்குக் கலைஞர் அச்சினை வடித்தார். முகப்பிலுள்ள விடுதலைத் தேவியின் முகம், பிலடெல்பியா நகரத்துப் பெண்ணாகிய அன்னா வில்லியம்ஸின் சாயலில் அமைந்தது. பின்புறத்துக் கழுகின் வாலில் முதலில் எட்டு இறகுகள் இருந்தன. அவ்வாண்டிலேயே ஏழாகக் குறைந்தன. அந்த ஓர் இறகுக்காகத் தனிவிலை கொடுப்போர் இன்றும் உளர்.

மக்களோ இந்நாணயத்தை விரும்பவில்லை. ஏறத்தாழ 26.73 கிராம் எடையுள்ள வட்டுகளைச் சட்டைப்பையில் சுமந்து திரிய யாருக்கு மனம் வரும்? அவற்றுக்கு ஈடான காகிதச் சான்றுகள் வெளியே புழங்கின. நாணயங்கள் ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பட்டுக் கருவூலக் காப்பறைகளில் உறங்கின. இந்த உறக்கத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் வருவனவற்றுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

1878 முதல் 1904 வரை ஆண்டுதோறும், பின்னர் 1921-இல் ஒருமுறையும் இவை அடிக்கப்பெற்றன. (2021-இல் தொடங்கி வெளிவந்த நினைவு நாணயங்களைப் பழைய வரிசையிற் சேர்ப்பதில்லை.) எச்சாலையில் அடித்தது என்பதைப் பின்புற மாலையின் கீழுள்ள சிற்றெழுத்துக் காட்டும். 'ஓ' என்றால் நியூ ஆர்லியன்ஸ். 'எஸ்' என்றால் சான்பிரான்சிஸ்கோ. 'சிசி' என்றால் கார்சன் நகரம். 1921-இல் மட்டும் காணப்படும் 'டி' டென்வர். எழுத்தே இல்லையெனில் அது பிலடெல்பியா. ஆண்டையும் சாலையையும் இணைத்து எண்ணினால் மொத்தம் 96 நாணயங்கள்.

தொண்ணூற்றாறில் எது அரிது? சாலைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. 1893-இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தவை 1,00,000 மட்டுமே; புழக்கத்துக்கென அடித்தவற்றுள் மிகக் குறைந்த தொகை இதுதான்; அருமையும் அதற்கேற்பவே உளது. ஆயின் 1885-ஆம் ஆண்டுக் கார்சன் நகர டாலரைப் பாருங்கள். அடித்தது 2,28,000, இதுவும் சிறு தொகையே. ஆனால் 1964 மார்ச்சில் வெள்ளி டாலர் வழங்குவதை நிறுத்திக் கருவூலத்தார் கையிருப்பை எண்ணியபோது, எஞ்சியிருந்த ஏறத்தாழ 30 லட்சம் நாணயங்களுள் இவ்வகை மட்டும் 1,48,285 இருந்தன. எண்பது ஆண்டு உறங்கி, புத்தம் புதிதாய் எழுந்து வந்தவை அவை. ஆகவே பதிவேடு பிறப்பைச் சொல்லும்; இறப்பைச் சொல்லாது.

அந்த இறப்புக் கணக்கில்தான் இந்தியா வருகின்றது. முதல் உலகப் போரின்போது நம் நாட்டுச் சணலும் கோதுமையும் பெருமளவில் வெளியேறின. விற்றவர்கள் வெள்ளி ரூபாயே வேண்டுமென்றனர். காகித நோட்டைக் கொடுத்தால் ரூபாய் தருவதாக அரசாங்கம் சட்டப்படி உறுதி கூறியிருந்தது, ரூபாய்தான் இல்லை. 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு முதன்முதலாக வெளிவந்தது இந்த நெருக்கடியிலேதான். அடுத்து வந்த இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் இதன் உடன்பிறப்பே. 1918-இன் தொடக்கத்தில் நோட்டை மாற்ற மக்கள் முண்டியடித்தனர். வாக்குத் தவறினால் நோட்டின்மீதுள்ள நம்பிக்கையே போய்விடும் என்ற நிலையில் பிரிட்டன் அமெரிக்காவை நாடிற்று. 1918 ஏப்ரல் 23 அன்று பிட்மன் சட்டம் நிறைவேறியது. காப்பறைகளில் உறங்கிய டாலர்கள் உலைக்குச் சென்றன. உருக்கப்பட்டவை மொத்தம் 27,02,32,722. அவற்றுள் 25,91,21,554 டாலர்களின் வெள்ளி, ஏறத்தாழ 20 கோடி அவுன்சு, இந்தியாவுக்கென விற்கப்பட்டது.

இங்கே ஒரு கணக்கு. டாலரில் உள்ள தூய வெள்ளி 371¼ கிரெயின். அந்நாளைய ரூபாயில் 165 கிரெயின். வகுத்துப் பார்த்தால் ஒரு டாலரின் வெள்ளி மிகச் சரியாக இரண்டேகால் ரூபாய், அதாவது இரண்டு ரூபாய் நாலணா ஆகின்றது. விடுதலைத் தேவியின் முகம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகமாயிற்று. தாமரையின் கீழ்ப் புள்ளியிருந்தால் பம்பாயில் அடித்தது, இல்லையேல் கல்கத்தாவில் அடித்தது என்று 1918-ஆம் ஆண்டு ரூபாயைப் பிரித்து வைக்கும் நம் நாட்டுச் சேகரிப்போர் அமெரிக்கச் சேகரிப்போருக்கு ஒரு வகையில் உறவினர் ஆவர்.

உருக்கியவர்கள் நாணயங்களின் எண்ணிக்கையைக் குறித்தார்களேயன்றி, எந்த ஆண்டு, எந்தச் சாலை என்று குறிக்கவில்லை. போர்க்காலத்தில் அதற்கு நேரமுமில்லை. வெள்ளியை வெள்ளியாகக் கண்ட அலுவலர்களைக் குறை கூறவும் நாம் துணியோம். ஆனால் அந்தக் குறிப்பின்மையால் விளைந்த இருட்டில்தான் சேகரிப்போர் இன்றுவரை தடவிக்கொண்டிருக்கின்றனர். 1903-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் டாலர் இதற்குச் சான்று. அடித்தது 44,50,000. எனினும் புதுநிலையில் ஒன்றும் எளிதிற் கிடைக்காமையால், எல்லாம் உருகிப் போயின என்று முடிவு கட்டினர். விலை ஆயிரம் டாலரைக் கடந்தது. 1962-இன் இறுதியில், 1929 முதல் முத்திரையிட்டுக் கிடந்த பிலடெல்பியாக் காப்பறை ஒன்றைத் திறந்து பைகளை வெளியே விட்டனர். அவற்றில் இந்த 'அரிய' நாணயம் பை பையாக இருந்தது! விலை சில பத்து டாலர்களுக்கு இறங்கிற்று. முந்தின ஆண்டு வாங்கியவர் நிலையை நேயர்களே எண்ணிக்கொள்க.

1895-ஆம் ஆண்டுப் பிலடெல்பியா டாலர் இதற்கு நேர்மாறு. புழக்கத்துக்காக 12,000 அடித்ததாகப் பதிவேடு கூறுகின்றது. ஐயமற்ற ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. சேகரிப்போருக்கெனத் தனியாகப் பளபளப்பாக அடித்த 880 மட்டுமே அவ்வாண்டுக்குச் சான்று. பெரும்பொருள் உடையார் அதனை வாங்குவர். ஏனையோர் 95-உடன் அமைவர்.

இனித் தரம். நாணயங்களை ஒன்று முதல் எழுபது வரை எண்ணால் தரப்படுத்தும் முறையை வில்லியம் ஷெல்டன் என்பார் 1949-இல் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்தார். எழுபதாம் தரக் காசு முதல் தரக் காசைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கருத்து. அந்த விலைக்கணக்கு விரைவில் பொய்த்தது, எண்கள் நிலைத்தன. அறுபதும் அதற்கு மேலும் புழங்காத நாணயத்துக்கு உரியவை. அந்நிலையை ஆங்கிலத்தில் 'மின்ட் ஸ்டேட்' என்பர். அரசாங்க ஏடுகளைத் தமிழாக்கும் தொழிலினராகிய நாம் அதனைச் 'சாலை நிலை' என்று எழுதினால், படிப்போர் நெடுஞ்சாலைத் துறையை நினைப்பர். 'புதுநிலை' என்பதே போதும்.

தேய்மானம் முதலில் தெரியும் இடங்கள் தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தலும் கழுகின் மார்பும் ஆகும். ஆனால் கூந்தல் மழுங்கியிருப்பதெல்லாம் தேய்மானமன்று. நியூ ஆர்லியன்ஸ் நாணயங்கள் பல அச்சு அழுந்தாமலேயே பிறந்தவை. நாணயத்தை விளக்கின்கீழ்ச் சாய்த்துத் திருப்பினால் ஒளி வட்டமாகச் சுழலவேண்டும். மழுங்கிய இடத்திலும் அது தடையின்றிச் சுழன்றால் குறை அச்சினுடையது, அறுந்தால் கைகளினுடையது. பையில் ஒன்றோடொன்று மோதிய வடுக்கள் வேறு. அவை புழங்காத நாணயத்திலும் உண்டு. தேவியின் கன்னம் பரந்ததாகையால் அங்கு விழுந்த ஒரு சிறு கீறலும் தரத்தைக் குறைத்துவிடும். புளியிட்டுத் துலக்கினாற்போல் வெளுக்கத் தேய்த்த நாணயம் கண்ணுக்கு அழகாயிருக்கலாம். அந்த ஒளிச்சுழல் போயிற்றென்றால் திரும்பி வராது.

தரத்தின் வலிமையை 1884-ஆம் ஆண்டுச் சான்பிரான்சிஸ்கோ டாலர் நன்கு காட்டும். அடித்தது 32,00,000, தேய்ந்த நாணயம் எளிதிற் கிடைக்கும். ஆனால் இது உறங்காமற் புழக்கத்தில் அலைந்த நாணயம். புதுநிலையில் காண்பது மிக மிக அரிது. ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்து மூன்றுக்கும் இடையே பல்லாயிரம் டாலர் வேறுபாடு. அந்த வேறுபாடோ கூந்தலில் ஒரு நூலளவு. விற்பவர் ஓர் எண்ணும் வாங்குபவர் வேறோர் எண்ணும் கூறி வழக்கிட்டமையால், அமெரிக்க நாணயவியற் சங்கம் 1977-இல் தர விளக்க நூல் ஒன்று வெளியிட்டது. 1986 முதல், தரம் கணித்துக் கண்ணாடிபோன்ற உறையில் மூடித் தரும் நிறுவனங்களும் தோன்றின. அவற்றின் கணிப்பும் மனிதர் கணிப்பே; ஒரே நாணயம் மறுமுறை சென்று வேறு எண்ணுடன் திரும்புவதுண்டு. எனினும் தொலைவில் இருந்துகொண்டு வாங்குவோருக்கு அது பெரிய காவல்.

வரிசையின் கடைசி இடம் பெரும்பாலும் 1893-ஆம் ஆண்டுச் சான்பிரான்சிஸ்கோ டாலருக்கே காத்திருக்கும். அவ்வாண்டுப் பிலடெல்பியா நாணயத்தில் 'எஸ்' எழுத்தை ஒட்டவைத்து ஏமாற்றுவது பழைய தந்திரம். உண்மையானவை எல்லாம் முகப்புக்கு ஒரே அச்சைக் கொண்டு அடிக்கப்பட்டவை; 'லிபர்ட்டி' என்னும் சொல்லின் 'டி' எழுத்து மேற்கட்டையில் ஒரு மெல்லிய சாய்கோடு புடைத்து நிற்கும். அதனை உருப்பெருக்கியால் பார்த்து, எடையும் போட்டபின்பே அறிந்தோர் பணத்தை எடுப்பர். மற்ற 94 இடங்களிலும் புதுநிலை நாணயத்தை வைத்தவர்கூட இந்த ஓரிடத்தில், கூந்தலும் கழுகின் மார்பும் தேய்ந்து, ஆண்டும் எழுத்தும் மட்டும் தெளிவாயுள்ள நாணயத்தை வைத்து வரிசையை மூடுவது வழக்கம்.